கூத்தர் பொறாமைக்காரரா?

வேலை பார்க்கும் தமிழர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆபீஸ் விஷயம் பேசத் தொடங்கினால், காப்பி ஆறுவதற்குள் ஒரு சொல் வந்து விழுந்துவிடும். "அவருக்கு என் மேல பொறாமை சார். அதான் நான் போட்ட நோட்டுல நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிட்டார்." தில்லி அமைச்சகமானாலும் சரி, மும்பை வங்கியானாலும் சரி, பெங்களூர் கணினி நிறுவனமானாலும் சரி, இந்தப் பேச்சு மாறுவதில்லை. சொல்பவர் நம்பித்தான் சொல்கிறார், கேட்பவரும் தலையாட்டுகிறார். அந்த நோட்டில் உண்மையிலேயே தப்பு இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பொறாமை என்ற சொல்லே பொறுக்காமை என்னும் பொருளில் பிறந்தது. பிறன் உயர்வைப் பார்த்துப் பொறுக்க முடியாத மனம். வள்ளுவர் இதற்கு அழுக்காறு என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். 16ஆம் அதிகாரமாகப் பொறையுடைமையை வைத்து, அடுத்த 17ஆம் அதிகாரமாக அழுக்காறாமையை வைத்திருக்கிறார். பொறுமைக்கு அடுத்த வீடு பொறாமை இல்லாமை. இந்த வரிசையை எண்ணிப் பார்த்தால், அவர் இதை எவ்வளவு அன்றாட நோயாகக் கண்டிருக்கிறார் என்பது விளங்கும்.

நோய்க்கு இலக்கணம் வள்ளுவர் வகுத்தார். நோயாளிக்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா? அந்த முகத்தைத் தமிழ்க் கதைமரபு ஒரே ஒரு மனிதருக்குக் கொடுத்துவிட்டது. அவர் கவிச்சக்கரவர்த்தி ஒட்டக்கூத்தர். கம்பர் கதையில் அவர்தான் குறுக்கே நிற்பவர். புகழேந்தி கதையில் அவர்தான் சிறையில் தள்ளுபவர். 'அம்பிகாபதி' கதை 1937இலும் 1957இலும் திரைப்படமாக வந்து, சோழன் அவையின் புலவர் பூசலை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தமிழே சரியாகப் படிக்க வராத நம் வெளிமாநிலப் பிள்ளைகளுக்குக்கூட, பாட்டி வாய்மொழியாக இந்தக் கதைகளில் ஒன்றாவது போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்களின் போட்டியைப் பற்றித் தமிழில் இவற்றைவிடப் பெயர்பெற்ற கதைகள் இல்லை எனலாம். அரசவை என்பது அந்தக் காலத்து ஆபீஸ்தானே! ஆகவே இந்தக் கதைகளைப் பக்தியோடும் சிரிப்போடும் கேட்டு முடித்துவிடாமல், ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். கூத்தர் மீதுள்ள குற்றச்சாட்டு எது? அது எவ்வளவு நிற்கும்?

வரலாறு சொல்வது

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூன்று சோழ மன்னர்களின் அவையில் இருந்தவர். மூவர் மீதும் ஆளுக்கு ஓர் உலாப் பாடினார். மூன்றும் சேர்ந்து மூவருலா. விக்கிரமன் அரியணை ஏறியது 1118இல். இரண்டாம் இராசராசன் ஆட்சிக்கு வந்தது 1146இல். நம் பாஷையில் சொன்னால், மூன்று செக்ரட்டரிகளைப் பார்த்த பழைய கை. தக்கயாகப்பரணி, குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் ஆகியவையும் அவர் நூல்களே. இன்று நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களில் காலத்தால் முந்தியது இந்தப் பிள்ளைத்தமிழ்தான்.

புகழேந்தியின் நளவெண்பாவோ சந்திரன் சுவர்க்கி என்னும் வள்ளலைப் போற்றுகிறது. புகழேந்தியின் காலத்தை 13ஆம் நூற்றாண்டு என்றே ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர். அப்படியானால் கூத்தரும் அவரும் ஒரே அவையில் உட்கார்ந்திருக்கவே முடியாது. கம்பர் காலத்தைப் பற்றியோ 9ஆம் நூற்றாண்டு, 12ஆம் நூற்றாண்டு என்று வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கம்பரின் நூல் நன்றியோடு நினைப்பது திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலை.

ஆக, இவை நடந்த கதைகள் அல்ல. நாம் கட்டிய கதைகள். தனிப்பாடல்களோடு ஒட்டி வளர்ந்து, தமிழ் நாவலர் சரிதை போன்ற தொகுப்புகளில் இடம்பெற்று, 19ஆம் நூற்றாண்டில் அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோதரச மஞ்சரி வழியாக வீடுதோறும் பரவியவை. வெவ்வேறு காலத்துப் புலவர்களைக் கொண்டுவந்து ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். உட்கார வைத்தவுடன் சண்டையும் மூட்டிவிட்டார்கள். பெரிய மனிதர் இருவர் ஒரே இடத்தில் வேலை செய்தால் சண்டை வராமல் இருக்குமா என்ற அனுபவம்தான் இதற்கு அடிப்படை. வரலாறாகப் பொய்யானாலும், வேலையிடத்தைப் பற்றிய சிந்தனையாக இவை பொய் அல்ல. அந்தக் கண்கொண்டு மூன்று கதைகளைப் பார்ப்போம்.

மல்லிகையும் சங்கும்

புகழேந்தி அவையில் நளவெண்பாவை அரங்கேற்றுகிறார். மாலைப் பொழுது ஊர்வலமாக வருகிறது என்ற ஒரு வருணனை. அதில் மல்லிகை மொட்டு வெண்சங்காகவும், அதில் வந்து அமரும் வண்டு சங்கு ஊதுபவனாகவும் ஆகின்றன. அவை 'ஆகா' என்கிறது. கூத்தர் எழுந்து கேட்கிறார்: "சங்கை ஊதுபவன் அதன் அடிப்பக்கத்துத் துளையில் அல்லவா வாய் வைத்து ஊதுவான்? வண்டு பூவின் மேல்பக்கம் அல்லவா உட்காருகிறது? உவமை எப்படிப் பொருந்தும்?" புகழேந்தி சளைக்காமல் பதில் சொல்கிறார்: "வண்டு கள் குடித்தது. கள் குடித்தவனுக்குத் தலை எது, கால் எது என்று தெரியுமா?" அவை கொல்லென்று சிரிக்கிறது.

கதை சொல்பவர்கள் இந்த இடத்தில் புகழேந்தியின் சமயோசிதத்தைப் பாராட்டிவிட்டு மேலே போய்விடுவார்கள். நாம் கொஞ்சம் நிற்போம். கூத்தர் கேட்டது தப்பான கேள்வியா? உவமையின் வடிவம், நிறம், ஒலி எல்லாம் பொருந்துகின்றன. இடம் மட்டும் பொருந்தவில்லை. பாட்டைக் காதால் கேட்டுத் தலையாட்டிய நூறு பேரில் ஒருவர் மட்டும் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். மொட்டையும் சங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இதைச் செய்யப் பொறாமை போதாது. தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, கள்ளுண்ட வண்டு என்ற சுவை கேள்வி கேட்ட பிறகுதான் நமக்குப் பிடிபடுகிறது. நளவெண்பாவில் 400க்கு மேற்பட்ட வெண்பாக்கள் உள்ளன. அவற்றுள் சாதாரண வாசகர் ஒருவர் உடனே நினைவுகூரும் வெண்பா எது என்று கேட்டால், பலரும் இந்த மல்லிகைப் பாட்டைத்தான் சொல்வார்கள். காரணம் கூத்தரின் தடை. அவர் குறுக்கிடாமல் இருந்திருந்தால் அது நல்ல வெண்பாக்களுள் இன்னொன்றாகப் போயிருக்கும்.

துமி

இரண்டாவது கதை இன்னும் பிரசித்தம். சோழன் இராமாயணத்தைத் தமிழில் பாடும்படி கம்பர், கூத்தர் இருவரிடமும் ஒரே வேலையைக் கொடுக்கிறான். கூத்தர் ஒழுங்காக உட்கார்ந்து எழுதிக் கடல் காண்படலம் வரை வந்துவிட்டார். கம்பர் தொடங்கவே இல்லை. "எதுவரை வந்தது?" என்று அரசன் கேட்டபோது, கூத்தர் உள்ளதைச் சொல்கிறார். கம்பரோ ஒரு படி மேலே போய், அணை கட்டும் படலம் வரை முடித்துவிட்டதாகச் சொல்லி, அந்த இடத்திலேயே ஒரு பாட்டையும் பாடுகிறார். வானரர்கள் மலைகளைக் கடலில் எறிய, தெறித்த நீர்த்துளிகள் வானுலகம் வரை போக, மறுபடியும் அமுதம் வருகிறதோ என்று தேவர்கள் துள்ளினார்கள் என்பது பாட்டின் கருத்து. துளிக்கு அவர் பயன்படுத்திய சொல் துமி.

கூத்தர் தடை எழுப்புகிறார்: "துமி என்ற சொல்லுக்கு உலக வழக்கு உண்டா?" கம்பர் உண்டு என்கிறார். சோதிக்க எல்லோரும் இடையர் தெருவுக்குப் போகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் தயிர் கடையும் பெண், பக்கத்தில் விளையாடும் குழந்தைகளைப் பார்த்து, "தள்ளிப் போங்க, மோர்த்துமி தெறிக்கும்" என்கிறாள். அவள் கலைமகளே என்பது கதை. கம்பர் வென்றார்.

அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் கதையைக் கேட்டால் உள்ளுக்குள் சுருக்கென்று ஒன்று தைக்கும். முன்னேற்ற அறிக்கை கேட்டபோது உண்மையைச் சொன்னவர் கூத்தர். எழுதாததை எழுதியதாகச் சொன்னவர் கம்பர். மீட்டிங்கில் வாய் சாமர்த்தியத்தால் ஜெயித்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்துக் கொடுப்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. மேதையாக இருந்தால் அது பெருமையாகப் பேசப்படும். நாள்தோறும் உட்கார்ந்து எழுதியவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் இந்தக் கதையில் இல்லை. அது மட்டுமா? அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தெய்வமே இறங்கி வருகிறது!

இங்கும் கூத்தர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு சொல் மக்கள் வாயில் உண்டா என்று கேட்பது புலவன் கடமை. நல்ல தீர்ப்புமுறைக்கும் அந்தக் கேள்வியே வழி செய்தது. அரசவைத் தகராறு ஒன்றை மோர் கடையும் தெருவில் போய்த் தீர்த்துக்கொண்டார்கள் என்பது சாதாரண விஷயமா? தமிழுக்கு நீதிபதி அரண்மனை அல்ல, தெருவில் பேசும் பெண் என்று இந்தக் கதை சொல்கிறது. அந்தத் தெருவுக்குப் போகக் காரணமானவர் கூத்தர்.

இரட்டைத் தாழ்ப்பாள்

மூன்றாவது கதையில் நாம் கூத்தருக்காக வாதாட முடியாது. பாண்டிய இளவரசியைச் சோழனுக்குப் பெண் கேட்கக் கூத்தர் மதுரை போகிறார். அங்கே சோழன் பெருமையை அவர் பாட, பாண்டியன் பெருமையைப் புகழேந்தி பாடி மடக்கிவிடுகிறார். அப்போதே மனத்தில் முள் தைத்துவிட்டது. திருமணமாகி இளவரசி சோழநாடு வரும்போது புகழேந்தியும் உடன் வருகிறார். கூத்தர் அரசனிடம் தனியே சொல்லி அவரைச் சிறையில் அடைக்கச் செய்கிறார். அரசனும் அடைத்துவிடுகிறான்.

சிறையிலும் புகழேந்தி சும்மா இருக்கவில்லை. உடன் இருந்த குயவர், கொல்லர், தச்சர் முதலிய தொழிலாளிகளுக்குக் கவிதை கற்பித்துப் புலவர்களாக்கினார். அவர்கள் கூத்தரையே எதிர்த்துப் பாடினார்கள். சிறைப்பக்கமாகத் தண்ணீர் எடுக்க வந்த பெண்களுக்கு அல்லியரசாணி மாலை போன்ற கதைப்பாடல்களைப் பாடிக்காட்டி, அவர்கள் தந்ததை உண்டு வாழ்ந்தார் என்றும் சொல்வார்கள். பெரிய எழுத்துப் புத்தகங்களில் அந்தக் கதைப்பாடல்கள் புகழேந்தி பெயரோடு அச்சாகி வந்ததை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அரசிக்கு விஷயம் தெரிந்தது. ஊடல் கொண்டு கதவை அடைத்தாள். ஊடல் தணிக்க அரசன் கூத்தரை அனுப்பினான். அவர் பாட, அவள் இன்னொரு தாழ்ப்பாளையும் போட்டாள். புகழேந்தி விடுதலையாகி வந்து பாடிய பிறகே கதவு திறந்தது. கூத்தர் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் என்ற பழமொழி இன்றைக்கும் நிற்கிறது. ஒரு பெரும் புலவரின் வாழ்நாள் உழைப்பை இந்த ஒரு பழமொழி மூடிவிட்டது என்றே சொல்ல வேண்டும். மூவருலாவைப் படித்தவர்கள் எத்தனை பேர்? பழமொழி தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இப்போது மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மல்லிகைக் கதையிலும் துமிக் கதையிலும் கூத்தர் அவையில் எழுந்து நின்று, எல்லோரும் கேட்க, எதிராளி பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்துப் பேசுகிறார். சிறைக் கதையில் மட்டும் அரசன் காதில் பேசுகிறார். முதல் இரண்டில் அவர் குறை சொன்னது பாட்டை; மூன்றாவதில் ஆளை. கதைமரபு இந்த வேற்றுமையைக் கவனிக்காமல் மூன்றுக்கும் பொறாமை என்ற ஒரே சீட்டை ஒட்டிவிட்டது. அவையில் சொல்வது விமர்சனம். காதில் சொல்வது பொறாமை. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும்? விமர்சிப்பவன் வாயை மூடிக்கொள்வான். காதில் ஓதுபவன் ஓதிக்கொண்டே இருப்பான். அவனைத்தான் யாரும் பார்க்கவில்லையே!

அரசனைக் குற்றம் சொன்ன கதை

மூன்று கதைகளிலும் தப்பித்துக்கொண்ட ஓர் ஆசாமி உண்டு. அவர் அரசர். ஒரே வேலையை இருவரிடம் கொடுத்து மோதவிட்டது யார்? காதில் விழுந்ததை விசாரிக்காமல் ஒரு புலவரைச் சிறையில் அடைத்தது யார்? சிறையில் தள்ளும் அதிகாரம் கூத்தருக்கு ஏது? இருந்தும் பழி முழுவதும் கூத்தர் தலையில். அரசனுக்குக் கிடைத்த தண்டனை ஒரு மூடிய கதவு மட்டும்.

அரசனைத் தப்பவிடாத ஒரு கதையும் தமிழில் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இசைவாது வென்ற படலம். விறகு விற்ற படலம் திரைப்படத்தால் எல்லோருக்கும் தெரியும். இது அவ்வளவாகத் தெரியாது. பாணபத்திரரின் மனைவி மதுரையில் பெயர்பெற்ற பாடகி. அரசனின் அன்புக்குரிய இன்னொருத்தியும் நன்றாகப் பாடுவாள். அவளுக்கு இவள் மேல் பொறாமை. அவளைத் திருப்திப்படுத்த அரசன் ஈழநாட்டிலிருந்து ஒரு பாடினியை வரவழைத்து, இரு பெண்களிடமும் தனித்தனியே பேசிப் போட்டியை மூட்டிவிடுகிறான். போட்டி நடந்தபோது அரசன் ஈழத்துப் பாடினியைப் புகழ்கிறான். அவையினரும் அரசன் சொன்னதையே சொல்கிறார்கள். பத்திரரின் மனைவி, சோமசுந்தரர் சந்நிதியில் போட்டி நடக்கட்டும் என்று கேட்கிறாள். அங்கே இறைவன் வந்து அமர, நியாயமான தீர்ப்புக் கிடைக்கிறது.

இந்தப் புராணத்தில் போட்டியிட்ட இரு பெண்களில் யாருமே கெட்டவள் இல்லை. வந்தவள் அழைத்ததால் வந்தாள். இருந்தவள் தன் இடத்துக்காகப் பாடினாள். நஞ்சு கலந்தது அரசனின் ஓரவஞ்சனை. அதைப் பரப்பியது, மேலிடம் என்ன சொல்கிறதோ அதையே வழிமொழிந்த அவை. "டைரக்டர் தலையாட்டிட்டார், நமக்கென்ன" என்று கையெழுத்துப் போடும் கூட்டம் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. பரஞ்சோதியார் இதைக் கண்டு சொன்னார். புலவர் கதைகளைக் கட்டியவர்கள் சொல்லவில்லை. அதனால்தான் சிறந்த சுவை இருந்தும் கூத்தர் கதைகள் நீதியில் ஒரு படி கீழே நிற்கின்றன என்பது என் கருத்து.

அவர் நூல்களே சொல்லும் சாட்சி

கதையை விட்டுவிட்டுக் கூத்தரின் சொந்த நூல்களைக் கேட்டால் என்ன சொல்கின்றன? அவருக்கு முன்னால் சோழன் அவையில் இருந்த கவிச்சக்கரவர்த்தி சயங்கொண்டார். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்க வெற்றியைப் பாடிய கலிங்கத்துப்பரணி அவருடையது. கூத்தரும் பரணி பாடினார். அதே பதவி, அதே பட்டம், அதே இலக்கிய வகை. ஒப்பிடாமல் யார் இருப்பார்கள்? அப்படி இருந்தும் கூத்தர் தம் தக்கயாகப்பரணியில் அந்தக் கலிங்கப் பரணியைத் தெய்வத்தன்மை உடையது என்ற அடைமொழி கொடுத்துப் போற்றுகிறார்.

"முன்னால் இருந்துவிட்டுப் போனவரைப் புகழ்வது சுலபம் சார், பக்கத்து நாற்காலிக்காரரைப் புகழ்வதுதான் கஷ்டம்" என்று யாராவது சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் தன் நாற்காலியில் முன்னால் இருந்தவரைப் புகழ்வதும் சுலபமில்லை என்பது, புதிதாகச் சார்ஜ் எடுத்துக்கொண்டவர்களின் பேச்சைக் கேட்டால் தெரியும். "முன்னாடி இருந்தவர் எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கி வெச்சுட்டுப் போயிட்டார்" என்பதுதானே வழக்கமான முதல் வசனம்? கூத்தர் அப்படிச் சொல்லவில்லை.

தக்கயாகப்பரணியை டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1930இல் பழைய உரையோடு பதிப்பித்தார். கடினமான நூல். தக்கன் வேள்வியை வீரபத்திரர் அழித்த கதையில், பேயும் காளியும் யாமளமும் கலந்து வரும் பாட்டுகள். அதைப் புரட்டினால், தரம் தரம் என்று அலைந்த ஒரு கடினமான உழைப்பாளி தெரிகிறார். போலிப் புலவர்களைப் பாண்டியன் தலையில் குட்டுவான், வில்லிபுத்தூரார் காதை அறுப்பார், கூத்தர் தலையையே வெட்டுவார் என்று ஒரு தனிப்பாடல் வேடிக்கையாகச் சொல்கிறது. தப்பைப் பொறுக்காதவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது என்பதற்கு இதுவே சான்று. தப்பைப் பொறுக்காமை வேறு, பிறன் உயர்வைப் பொறுக்காமை வேறு. இரண்டும் பொறுக்காமைதான் என்பதால் வந்த குழப்பமோ என்னவோ!

காதும் அவையும்

இதெல்லாம் பழங்கதை என்று வைத்துவிட முடியாது. மத்திய அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு ரகசியக் குறிப்பேடு என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருடா வருடம் மேலதிகாரி எழுதுவார். மோசமாக எழுதியிருந்தால் மட்டும் தெரிவிப்பார்கள். சுமார் என்று எழுதியிருந்தால் தெரியவே தெரியாது. ஆனால் பதவி உயர்வு அதனாலேயே போய்விடும். யார் காதில் யார் என்ன சொன்னார்கள் என்று ஊகித்துக்கொண்டே எத்தனை பேர் ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள்! பக்கத்து மேஜைக்காரர் மேல் ஆயுள் முழுக்கச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில் பாதி பொய்யாகவும் இருக்கலாம். இருட்டில் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் எல்லோரும் எல்லோரையும் கூத்தராகத்தான் பார்ப்பார்கள்.

2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீட்டையும், அது நல்லதோ கெட்டதோ, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசும், முழு மதிப்பீட்டறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. இதனால் பொறாமை ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. காதில் சொன்னதை அவைக்குக் கொண்டுவந்தார்கள். பதில் சொல்ல ஒரு வழி கிடைத்தது. புகழேந்திக்கு அரசி கதவை அடைத்துத்தான் நியாயம் வாங்க வேண்டியிருந்தது. நமக்கு ஒரு மனு போட்டால் போதும் என்ற அளவுக்காவது வந்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிமாநிலத் தமிழர்களான நாம் இந்தக் கதைகளைக் கேட்கும்போது யார் பக்கம் நிற்கிறோம்? சந்தேகமில்லாமல் புகழேந்தி பக்கம். ஊர் விட்டு ஊர் வந்தவர், பழைய ஆட்கள் இடம் கொடுக்கவில்லை, திறமையால் ஜெயித்தார். நம் வாழ்க்கை போலவே இருக்கிறது. ஆனால் வந்து முப்பது வருடம் ஆன பிறகு நாம் யார்? நேற்று ஊரிலிருந்து வந்த இளைஞனுக்கு, ஆபீசிலும் சரி, சங்கத்து மேடையிலும் சரி, நாம்தானே கூத்தர்! அவன் புதிதாக ஒன்று செய்ய வரும்போது நாம் சொல்லும் குறை மல்லிகைக் கேள்வியா, சிறைக்கதவா? அவனிடமே சொல்கிறோமா, அவன் இல்லாத இடத்தில் சொல்கிறோமா? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டால் கூத்தர் கதைகளைப் படித்த பலன் கிடைத்துவிடும். அதேபோல இளைஞர்களும் ஒன்றை யோசிக்கலாம். உவமையில் ஓட்டை கண்டுபிடிக்கும் மூத்தவர் கிடைப்பது துர்பாக்கியம் அல்ல. புகழேந்திக்கு அப்படி ஒருவர் கிடைத்தார்.

கூத்தனூர்

திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டம் பக்கத்தில் கூத்தனூர் இருக்கிறது. சரஸ்வதிக்குத் தனிக்கோயில் என்று தமிழ்நாடு முழுவதும் போற்றும் தலம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள் பரீட்சை எழுதும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய், பேனாவும் நோட்டும் வைத்துக் கும்பிட்டு வருகிறார்கள். அந்த ஊர் ஒட்டக்கூத்தருக்கு இரண்டாம் இராசராசன் கொடுத்தது, அதனால்தான் கூத்தன் ஊர் என்று மரபு சொல்கிறது. துமிக் கதையில் கூத்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த அதே கலைமகள், அவர் பெயர் கொண்ட ஊரில் குடியிருக்கிறாள்! கதைமரபு கூத்தரைத் தோற்கடித்தது, ஊர்மரபு தோற்கடிக்கவில்லை.

துமிக் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. கம்பர் காவியத்தைக் கேட்ட பிறகு கூத்தர் மனம் உடைந்து தாம் எழுதிய ஏடுகளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். விஷயம் அறிந்து ஓடிவந்த கம்பர் கையைப் பிடித்துத் தடுத்தார். மிஞ்சியது உத்தரகாண்டம் ஒன்றுதான். தம் காவியத்தை இராமன் முடிசூட்டலோடு நிறுத்திக்கொண்ட கம்பர், கூத்தரின் உத்தரகாண்டத்தையே அதன் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ளச் செய்தார் என்பார்கள். இதுவும் வரலாறு அல்ல. ஆனால் இத்தனை கதை கட்டிக் கூத்தரைக் கரித்துக் கொட்டிய அதே மக்கள், கடைசியில் அவர் ஏட்டைக் காப்பாற்றக் கம்பரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். போட்டி போட்டவனுக்குத்தான் அந்த ஏட்டின் மதிப்புத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை கூத்தனூர் போகிறவர்கள், அம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கிருக்கும் கூத்தர் சிலையின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகள் யார் இவர் என்று கேட்டால், பொறாமைக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று மன்னர்களிடம் வேலை பார்த்த பெரிய புலவர், தப்பு இருந்தால் எல்லார் முன்னாலும் எழுந்து கேட்பார் என்று சொல்லுங்கள். சிறைக் கதையையும் மறைக்க வேண்டாம். அதில் அரசன் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.